ரெட்டைக் கட்டையும் உருட்டு எலாஸ்டிக்கும்

நாற்பத்தெட்டு வயசில் ஆம்பளைக்கு என்னென்னவோ வரும். சர்க்கரை வரும், மூட்டு வலி வரும், சிலருக்குத் திடீரென்று ஞானம் வரும். தையல்காரியின் புருஷனுக்கு மட்டும் ரெட்டைக் கட்டை வந்தது.

"அதுக்குப் பேரு நுஞ்சாக்கு" என்று அவர் திருத்துவார். என்ன பேராக இருந்தால் என்ன, முழங்கை நீளத்துக்கு இரண்டு கட்டை, நடுவில் நாலு விரற்கடை கறுப்புக் கயிறு, அவ்வளவுதான் சாமான். ஒரு கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு இன்னொன்றைச் சுழற்ற வேண்டும். சுழன்று வருவதை மறு கையால் பிடிக்க வேண்டும். சுழற்றுவது அவருக்கு வந்துவிட்டது. பிடிப்பதுதான் வரவில்லை. கை விட்டதை முழங்கை பிடித்தது, முட்டி பிடித்தது, காது மடல் பிடித்தது. அன்றைக்குக் காலையில் டியூப்லைட் பிடித்தது.

"என்னங்க இது?"

"மழை தூறுச்சு. அதான் மாடியில இருந்து உள்ள வந்து..."

"உள்ள வந்து லைட்டை அடிச்சீங்களா? அது உங்களை என்ன பண்ணுச்சு?"

"நான் அடிக்கல. தானா போய்ப் பட்டுடுச்சு."

"ஆமா, அதுக்கு ரெக்கை இருக்கு பாருங்க, தானா பறந்து போக!"

பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். அவளுக்கு மூச்சு விடவும் நேரம் கிடைக்காத நேரம். முன்னறை முழுக்கச் சாம்பல் நிறப் பாவாடைகள், நீல நிறக் கால்சட்டைகள், பொத்தான் துளைக்குக் காஜா எடுக்காத சட்டைகள். எல்லாவற்றின் மேலும் கண்ணாடித் தூள் பூப்போல விழுந்து கிடந்தது. சின்னப் பிள்ளைகள் போடுகிற துணி, ஒரு சில்லு இருந்தாலும் வம்பு. ஒவ்வொன்றாக எடுத்துப் போய் மாடி வாசலில் நின்று உதறினாள். மடிப்பு, பட்டி, பாக்கெட் எல்லாம் விரலால் தடவிப் பார்த்தாள். தைக்கிற நேரத்தை விட உதறுகிற நேரம் அதிகமாகப் போயிற்று. அவர் சும்மா இருக்க முடியாமல் விளக்குமாற்றைக் கையில் எடுத்தார்.

"வைங்க அதை. அதையும் சுத்தப் போறீங்க."

கீழே இருந்து குரல் வந்தது. கீழ்வீட்டு அக்காவுக்குக் காது ரொம்பக் கூர்மை.

"என்னம்மா உடைஞ்சது இப்போ?"

"லைட்டுக்கா!"

"நேத்து பூந்தொட்டி, இன்னைக்கு லைட்டா? நான் இனிமே துணி காயப்போட வந்தாலும் தலையில ஒரு குண்டானைக் கவுத்துக்கிட்டுத்தான் வரணும் போல!"

"கவுத்துக்கிட்டே வாங்கக்கா, அதான் நல்லது" என்று இவள் பதில் கொடுத்துவிட்டு, உள்ளே திரும்பி, "கேட்டீங்களா?" என்றாள்.

அவர் கேட்கவில்லை. நின்ற இடத்திலேயே மணிக்கட்டை மட்டும் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த மனுஷன் இப்படி இருந்தவர் இல்லை. பஸ் கண்டக்டர். எல்லோரும் அவரைக் கூப்பிடுவதே 'ரைட்டு' என்றுதான். மற்ற கண்டக்டர்கள் கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு திரிவார்கள். இவர் நாக்கை மடித்துப் பல்லிடுக்கில் ஒரு சீழ்க்கை அடித்தால் பஸ் நிற்கும், இன்னொன்று அடித்தால் கிளம்பும். கூடவே ஒரு "ரைட் ரைட்". எள்ளு போட்டால் விழாத கூட்டத்திலும் கம்பியைத் தொடாமல் நடப்பார். வளைவில் ஜனம் மொத்தமும் ஒரு பக்கம் சாயும். இவர் மட்டும் வீட்டுக் கூடத்தில் நிற்பதுபோல நின்று டிக்கெட் கிழித்துக்கொண்டிருப்பார். கல்யாணத்துக்கு முன்னால் அவள் மயங்கியதே அந்த நடையைப் பார்த்துத்தான். இப்போது கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

போன மாதம் ஒரு நாள், படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்த ஒருத்தனிடம், "மேல ஏறி வாங்க தம்பி" என்றார். தினமும் நூறு வாட்டி சொல்கிற வார்த்தை. அவன் ஏறி வந்தான். வந்து, கையை ஓங்கி, கன்னத்தில் ஒன்று விட்டான். பொறி கலங்கிப் போய் இவர் நிற்கும்போதே சிக்னலில் குதித்து ஓடிவிட்டான். பஸ் நிறைய ஆள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் ஜன்னலைப் பார்த்தார்கள், மற்றவர்கள் போனைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து அவர் சொன்னது, "ஒண்ணுமில்ல, ஒருத்தன் கை பட்டுடுச்சு" என்பதுதான். நடந்ததெல்லாம் அவளுக்கு டிரைவர் சொல்லித்தான் தெரியும்.

மறுநாள் வேலைக்குப் போனவர் பாதியில் திரும்பி வந்தார். அதற்கு மறுநாளும் அப்படியே. நெஞ்சு படபடக்கிறது என்றார். டாக்டர் எல்லாம் சோதித்துப் பார்த்துவிட்டு நெஞ்சில் ஒரு கோளாறும் இல்லை என்றார். மெடிக்கல் லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். ஒரு நாள் சாயங்காலம் விளையாட்டுச் சாமான் கடையிலிருந்து இந்தக் கட்டையோடு வந்து நின்றார்.

"அவனை அடிக்கப் போறீங்களா?"

"சே, இல்ல."

"பின்ன என்னத்துக்கு?"

"சும்மா."

இந்த 'சும்மா'வைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு ரத்தம் கொதித்தது. சும்மாவுக்கு யாராவது முழங்கையை வீங்க வைத்துக்கொள்வார்களா?

அவருக்குக் குரு போன்தான். மாடிக் கைப்பிடிச் சுவரில் செங்கல்லை முட்டுக் கொடுத்து நிறுத்தி வைத்திருப்பார். அதில் கண்ணாடி போட்ட ஒரு ஒல்லிப் பெண், இஸ்திரி போட்ட மாதிரி சிரித்துக்கொண்டு சொல்லிக் கொடுப்பாள். "காலை அகட்டி நில்லுங்க. தோளைத் தளர விடுங்க. கட்டையை நசுக்காதீங்க, முட்டையைப் பிடிக்கிற மாதிரி பிடிங்க. முதல்ல எட்டு. கை வீச வேண்டாம், மணிக்கட்டு மட்டும் காத்துல எட்டு எழுதட்டும். மெதுவா. அவசரம் வேண்டாம்." அவள் எழுதினால் எட்டு எட்டாகத்தான் இருந்தது. இவர் எழுதினால் முதல் வளைவு சரியாக வரும், இரண்டாவது வளைவு முட்டியில் வந்து முடியும்.

"அந்தக் கண்ணாடிக்காரி சொன்னா கேக்குறீங்க. நான் இத்தனை வருஷமா மெதுவா, மெதுவான்னு கத்துறேன், அது காதுல ஏறலை."

"அவ கத்தல, சிரிச்சுக்கிட்டே சொல்றா."

"அவ வீட்டுல டியூப்லைட் உடையட்டும், அப்புறம் சிரிக்கிறாளான்னு பாப்போம்."

அந்த வாரக் கடைசியில் டிரைவர் வந்தார். பல வருஷமாக ஒரே வண்டியில் ஓடுகிற ஜோடி. அவர் முன்னால், இவர் பின்னால். மாடிப்படி ஏறி வந்து, புருவத்துக்கு மேல் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு, "என்னய்யா இது, தங்கச்சி கொடுத்ததா?" என்றார்.

"நான் கொடுத்திருந்தா இன்னும் நல்லா கொடுத்திருப்பேன் அண்ணே" என்றாள் அவள், மிஷினை நிறுத்தாமலே.

"இது எட்டு போடுறப்போ பட்டது" என்றார் ரைட்டு.

"லைசென்ஸ் வாங்க நானும்தான் எட்டு போட்டேன். எனக்கு ஒரு வீக்கமும் வரலையே?"

அவள் டீ போட்டுக் கொண்டு வந்தாள். டிரைவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், சொல்ல வந்ததைச் சொன்னார்.

"மேனேஜர் கூப்பிட்டு விட்டாரு. திங்கக்கிழமை வண்டி ஏறணுமாம். ஏறலைன்னா டிப்போ கேட்டுல உக்கார வச்சிடுவாரு. போற வண்டி வர்ற வண்டி நம்பரைப் பாத்துச் சங்கிலியைத் தூக்கி விடுற வேலை. அதுக்கப்புறம் திரும்ப ரோட்டுக்கு விட மாட்டாங்க, அது உனக்கே தெரியும்."

ரைட்டு முழங்கை வீக்கத்தைத் தடவினார். டிரைவர் விடவில்லை.

"உன் இடத்துல ஒரு பையனைப் போட்டிருக்காங்க. விசிலை ஊதுறான் ஊதுறான், ஊதிக்கிட்டே இருக்கான். நிறுத்தச் சொல்றானா, கிளம்பச் சொல்றானான்னு எனக்கே புரியல. நேத்து ஒரு அம்மா பாதி இறங்கும்போது வண்டியை எடுத்துட்டேன். நல்ல வேளை, தப்பிச்சாங்க. என்னால முடியலய்யா. வந்து சேரு."

"வர்றேன்."

"அந்தக் கட்டையை எடுத்துக்கிட்டு வந்துடாதே. பையில அது இருக்கிறதை எவனாவது பாத்தான்னா, கேட்டும் கிடையாது, சங்கிலியும் கிடையாது. நேரா வீடுதான்."

"அதைத்தாண்ணே நானும் தலைபாடா அடிச்சுக்கிறேன்" என்றாள் அவள்.

அவர் தலையை ஆட்டினார். சரி என்கிறாரா, போய்த் தொலையுங்கள் என்கிறாரா என்று தெரியாத தலையாட்டல்.

டிரைவர் போன பிறகு அவர் சாப்பிட உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவரின் தலைமுடியில் ஒரு நீல நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. தையல்காரி வீட்டில் அது புதிதில்லை. சோற்றிலும் நூல் வரும், படுக்கையிலும் நூல் வரும். எடுத்துப் போடலாமென்று அவள் கையைத் தூக்கினாள்.

அவர் சட்டென்று குனிந்தார். எச்சில் கையோடு முழங்கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். கண் இறுக மூடியிருந்தது.

அவளுக்குத் தூக்கின கை தூக்கினபடி நின்றது.

"என்ன? நான் அடிக்கப் போறேனா உங்களை?"

"இல்ல... சும்மா."

"நூல் எடுக்க வந்தேன். நூலு!"

"சரி, எடு."

"நீங்களே எடுத்துக்குங்க."

அவள் எழுந்து போய் மிஷினில் உட்கார்ந்து வேகமாக மிதித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு நாள் கையை ஓங்கியிருப்பாளா? வாயை ஓங்கியிருக்கிறாள், அது வேறு விஷயம். இவள் கையை ஓங்கின மாதிரி அவர் மூஞ்சியை மறைத்துக்கொண்டால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பார்க்க யாரும் இல்லை, அது வேறு. அவளுக்கு ஆங்காரமாகவும் வந்தது, அழுகையாகவும் வந்தது. கோபத்தில் ஒரு பாவாடைக்கு உள்பக்கத்தை வெளியே வைத்துப் பட்டி தைத்து, அதைப் பிரித்து மறுபடி தைத்தாள்.

மறுநாள் கோபம் ஆறியதும், வெட்டுத் துணியில் இரண்டு உறை தைத்தாள். உள்ளே ஸ்பாஞ்ச் வைத்து, மேலே குறுக்கும் நெடுக்கும் தையல் ஓட்டினதும், தலையணைக் குஞ்சுகள் மாதிரி அழகாக வந்தன. கட்டைக்கு மாட்டிவிட்டால் பட்டாலும் வலிக்காது. அந்தக் கண்ணாடிக்காரியே புதுசாகப் படிக்கிறவர்கள் ஸ்பாஞ்ச் கட்டையில்தான் ஆரம்பிக்கணும் என்று சொல்லியிருக்கிறாள்.

அவர் மாட்டிப் பார்த்தார். இரண்டு சுற்றுச் சுற்றினார். கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

"வேண்டாம்."

"ஏன்?"

"இதுல பயமே வரமாட்டேங்குது."

"பயம் வராம இருக்கத்தான தைச்சேன்!"

"பயம் வரணும். அப்பத்தான் சரியா வரும்."

அவள் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். கீழ்வீட்டு அக்காவிடம் போய் முறையிட்டாள். "புத்தி பேதலிச்சிருச்சாக்கா இவருக்கு? வலி வேணுமாம், பயம் வேணுமாம்." அக்கா துணி முறுக்கிக்கொண்டே, "எங்க வீட்டுக்காரருக்கு இந்த வயசுல புறா வளர்க்கிற ஆசை வந்துச்சு. அதுக்கு இது தேவலாம். கட்டை எச்சம் போடாதில்ல?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நாளைக்கு வேலை. இந்தக் கோலத்தில் இன்னும் ஒரு வீக்கம் சேர்ந்தால் மனுஷன் வண்டி ஏற முடியாது. மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். கட்டை ஆணியில் தொங்கியது. அவள் மிஷினிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு யோசனை வந்தது.

கட்டை ஏன் இவ்வளவு வேகமாக வருகிறது? கயிறு விறைப்பாக இருக்கிறது. கயிறு கொஞ்சம் இழுத்துக் கொடுத்தால் வேகம் அதில் போய்விடும், கட்டை சொங்கிப்போய் வரும். அவள் வேலையில் தினமும் பார்க்கிற விஷயம்தானே? இடுப்பில் நாடா போட்டால் பிள்ளைகளுக்கு இறுக்கும், எலாஸ்டிக் போட்டால் இதமாக இருக்கும். டிராயரைத் திறந்தாள். பாவாடை இடுப்புக்கு வாங்கிய கறுப்பு உருட்டு எலாஸ்டிக் இருந்தது. கயிற்றின் நிறமும் அதுதான், கனமும் அதுதான். கட்டை முனை ஓட்டையில் கோத்து, பழைய முடிச்சு மாதிரியே முடிச்சுப் போட்டு, ஆணியில் மாட்டினாள். தன் கெட்டிக்காரத்தனத்தில் அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

வெயில் தாழ்ந்ததும் அவர் மாடிக்குப் போனார். அன்றைக்குப் பாடம், முன்னால் வீசி, திரும்பி வருகிற கட்டையை நெஞ்சுக்கு நேரே பிடிப்பது. போன் பேசுவது உள்ளே கேட்டது. "கட்டையைப் பாக்காதீங்க, எதிர்ல பாருங்க. அது தானா கைக்கு வரும்." அவள் காஜா எடுத்துக்கொண்டே காது கொடுத்துக்கொண்டிருந்தாள். வீசுகிற சத்தம் விர்ரென்று வந்தது. பிறகு ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகு 'டொக்' என்று ஒன்று.

ஓடினாள். அவர் தரையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். வாயைப் பொத்திய விரல்களுக்கு இடையே ரத்தம். பக்கத்தில் வெள்ளையாக ஏதோ கிடந்தது. அரைப் பல்.

"ஐயோ! ஐயோ, என்னங்க! கையை எடுங்க, பாப்போம். ஐயோ, பல்லு போச்சே! முன்பல்லு போச்சே!"

அவர் கையை எடுத்தார். ரத்த வாயோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

"மூடல" என்றார்.

"என்னத்தை மூடல?"

"கண்ணை மூடல! நீட்டமா போய், அங்க ஒரு நிமிஷம் நின்னு, நேரா மூஞ்சிக்கு வந்துச்சு. வர்றதைப் பாத்தேன். கடைசி வரைக்கும் பாத்தேன். தலையும் நகரல, கண்ணும் மூடல!"

"பல்லு போயிருக்கு, கண்ணு மூடலன்னு சிரிக்கிறீங்க! மனுஷனா நீங்க?"

"பல்லு கிடக்கட்டும் விடு. பஸ்ல எத்தனை கை தூக்கியிருக்கும் தெரியுமா உனக்கு?"

அவளுக்குப் புரியவில்லை. ஈரத்துணி கொண்டு வந்து வாயில் வைத்து அழுத்தினாள். துணிக்குள்ளிருந்தே அவர் பேசினார். ஒரு மாதமாக 'சும்மா' என்று சொன்ன வாய், பல் போன பிறகு திறந்துகொண்டது.

"எல்லாருமே கையைத் தூக்கித்தான நிப்பாங்க, கம்பியைப் பிடிக்க? பிரேக் போட்டா மொத்தக் கையும் மேல போகும். ஒவ்வொரு கைக்கும் எனக்குக் கண்ணு மூடிக்குது. தலை குனிஞ்சுக்குது. வேணும்னு இல்ல, தானா. ஒரு கிழவி மேல வச்ச பையை எடுக்கக் கையைத் தூக்கினா. நான் மூஞ்சியைப் பொத்திக்கிட்டேன். அந்தம்மா பதறிப் போயி, 'என்னப்பா, நான் ஒண்ணும் பண்ணலையே'ங்குது. பின்னால ரெண்டு பொண்ணுங்க சிரிச்சாங்க. எப்படிப் போவேன் சொல்லு? கையே தூக்காத பஸ்ஸு எங்க இருக்கு?"

அவள் துணியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அவன் அடிச்சது கூடப் பெருசில்ல. கண்ணை மூடித் தொலைக்குதே, அதுதான். அதான் மூஞ்சிக்கு ஏதாவது வந்துக்கிட்டே இருந்தா பழகிடும்னு நினைச்சேன். வீடியோல பாத்தப்போ அந்தப் பொண்ணு மூஞ்சிகிட்டயே கட்டை போகுது, வருது, அவ கண்ணு சிமிட்டக் கூட இல்ல."

"இதை என்கிட்ட சொல்லித் தொலைஞ்சா என்ன?"

"என்னன்னு சொல்றது? பயமா இருக்குன்னா?"

"ஆமா, பயமா இருக்குன்னு! நான் என்ன ஊரைக் கூட்டி மைக் வச்சா சொல்லப் போறேன்? சோறு போடுற கையைப் பாத்துப் பயந்தீங்க, நான் ரெண்டு நாளா குமுறிக்கிட்டுக் கிடக்கேன்!"

அவர் கீழே கிடந்த கட்டையை எடுத்தார். "ஆனா ஒண்ணு புரியல. எப்பவும் இப்படி வராது இது. உண்டிவில்லுல இருந்து கல்லு வர்ற மாதிரில வந்துச்சு..." இரண்டு கட்டையையும் பிடித்து இழுத்துப் பார்த்தார். நீண்டது. விட்டார். டொக் என்று மோதிக்கொண்டது. மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார்.

"எலாஸ்டிக்கா?"

"பாவாடைக்குப் போடுறதுங்க..." என்றாள். குரல் உள்ளே போய்விட்டது. "இழுத்துக் கொடுத்தா வேகம் குறையும்னு நினைச்சேன்."

"குறையும்னு நினைச்சியா?"

"இடுப்புக்கு இதமா இருக்கும்ல..."

அவர் வாயில் ரத்தத்தோடு விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்கச் சிரிக்க வலித்தது, வலிக்க வலிக்கச் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. புருஷன் பல்லைத் தன் கையால் முடிச்சுப் போட்டுப் பெயர்த்திருக்கிறாள், எங்கிருந்து சிரிப்பு வரும்? "சிரிக்காதீங்க, ரத்தம் நிக்காது" என்று அதட்டினாள். கீழே இருந்து, "இப்ப என்னம்மா உடைஞ்சது?" என்று அக்காவின் குரல் வந்தது.

"பல்லுக்கா!"



பல் டாக்டர் மிச்சமிருந்த பல்லின் கூர்முனையை ராவி விட்டார். வீட்டுக்கு வந்ததும் அவர் கண்ணாடி முன் நின்று சீழ்க்கை அடித்துப் பார்த்தார். 'புஸ்' என்று காற்றுத்தான் வந்தது. இன்னொரு தடவை அடித்தார். மறுபடியும் புஸ். அவர் முகம் கொஞ்சம் தொங்கிப் போயிற்று. அதைப் பார்க்கப் பொறுக்காமல் அவள் கடைக்குப் போய் ஒரு விசில் வாங்கி வந்தாள். அதற்கு ஒரு கயிறும் கோத்துக் கழுத்தில் மாட்டினாள்.

அவர் கயிற்றை இழுத்துப் பார்த்தார்.

"நாடாதான்" என்றாள் அவள். "எலாஸ்டிக் இல்ல."

திங்கட்கிழமை விடிந்ததும் அவர் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவள் மிச்சமிருந்த பள்ளிக்கூடத் துணிகளை மூட்டை கட்டிக் கொடுத்தனுப்பிவிட்டு நிமிர்ந்தபோதுதான் ஆணியைப் பார்த்தாள். கட்டை இல்லை. மாடியில் தேடினாள், கட்டிலுக்கு அடியில் தேடினாள். இல்லவே இல்லை. பாவி மனுஷன், பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்! தைரியத்துக்கு என்று எடுத்துப் போயிருப்பார். எவனாவது பார்த்தால் வேலை போச்சு.

செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள். அந்த வண்டி எந்த நேரத்துக்கு எங்கே வரும் என்பது அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். வந்தது. கூட்டம் பிதுங்கியது. முன்வாசலில் ஏறி உள்ளே நெருக்கிக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடம் திறந்த நாள். சாம்பல் நிறப் பாவாடைகள் ஏழெட்டு இருக்கைகளில் நசுங்கிக்கொண்டிருந்தன. அவள் தைத்ததும் அதில் இருக்கும். அதைப் பார்க்க அவளுக்கு மனசில்லை. தலைக்கு மேலே பார்த்தாள். கைகள். கம்பி முழுக்கக் கைகள். கறுத்த கை, வளையல் கை, கடிகாரம் கட்டின கை. பாழாய்ப்போன இந்தக் காட்டுக்குள்ளேயா இவர் தினமும் நடக்கிறார்?

பின்னாலிருந்து அவர் வந்துகொண்டிருந்தார். பழைய நடை இல்லை. ஒரு கையால் இருக்கை முதுகைப் பிடித்துப் பிடித்துத்தான் வந்தார். டிரைவர் பிரேக் போட்டார். மேலே இல்லாத கைகளும் மேலே போயின. அவர் நின்றார். கண் சிமிட்டியது. மூடிக்கொள்ளவில்லை. "டிக்கெட், டிக்கெட்" என்று தொடர்ந்தார்.

அவளைப் பார்த்துவிட்டார். "நீ எங்க இங்க?"

"பையைக் காட்டுங்க."

"என்ன?"

"பையைக் காட்டுங்கன்னேன்." அவர் காட்டுவதற்குள் அவளே கையை விட்டுத் துழாவினாள். டிக்கெட் கட்டு, சாப்பாட்டு டப்பா, துண்டு. வேறு எதுவும் இல்லை.

"அதைத் தேடுறியா? உன் மிஷின் டிராயர்ல வச்சிருக்கேன். அந்த எலாஸ்டிக்கை எடுத்துட்டு ஒழுங்கா கயிறு போட்டு வை. சாயங்காலம் வேணும்."

"இன்னுமா சுத்தப் போறீங்க?"

"எட்டே இன்னும் வரலையே!"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் பார்வை அவளைத் தாண்டிப் போய்விட்டது. முன்படியில் ஒருத்தன் தொங்கிக்கொண்டு வந்தான். காதில் எதையோ மாட்டிக்கொண்டு, வெளியே உடம்பைச் சாய்த்து, காற்று வாங்கிக்கொண்டு வந்தான். வாட்டசாட்டமான ஆள். அன்றைக்கு அடித்தவன் இவன் இல்லை என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? விட்டுவிடுங்கள், அவன் தொங்கினால் தொங்கட்டும் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் வேறு யாரும் பார்க்கவில்லை.

அவர் படிக்குப் போனார். தொண்டையைச் செருமினார்.

"மேல ஏறி வாங்க தம்பி."

அவனுக்குக் கேட்கவில்லை. அவர் குனிந்து தோளைத் தொட்டு, இன்னொரு தடவை சொன்னார். அவன் திரும்பினான். முகம் சுளித்தான். கையைத் தூக்கினான். உயர்ந்த கை அவர் முகத்துக்கு நேரே வந்தது. காதுக்குப் பக்கத்தில் விர்ரென்று போய், தலைக்கு மேலிருந்த கம்பியைப் பிடித்தது. ஒரு எக்கு எக்கி அவன் உள்ளே ஏறி நின்றான்.

அவர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். கழுத்து நரம்பு துடித்தது. கண் விரியத் திறந்திருந்தது, அதில் தண்ணீர் கோத்திருந்தது.

"டிக்கெட்?" என்றார் அவனிடம்.

விசிலை வாயில் வைத்து ஊதினார். புதுப் பையன் ஊதுகிற மாதிரியே கர்ணகடூரமாக இருந்தது. வண்டி வேகம் எடுத்தது.

படியிலிருந்து திரும்பி வந்த அவர் காலரில் ஒரு சாம்பல் நிற நூல் ஒட்டியிருப்பதை அவள் பார்த்தாள். எடுக்கலாமா வேண்டாமா என்று இருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கி, மெதுவாகவெல்லாம் இல்லை, எப்போதும் போல வெடுக்கென்று கொண்டுபோய், நூலை எடுத்தாள்.

அவர் அசையவில்லை.

"எடுத்துட்டியா?"

"ம்."

"அப்போ டிக்கெட் எடு. கண்டக்டர் பொண்டாட்டின்னா ஓசியா?" என்றார். பிறகு பொக்கை வாயோடு அவளைத் தாண்டிக் கத்தினார். "உள்ள தள்ளிப் போங்கம்மா, வழியை மறைச்சுக்கிட்டு நிக்காதீங்க!"

இந்த மனுஷனை என்னதான் செய்வது? அவள் நூலை விரலில் சுற்றிக்கொண்டு உள்ளே தள்ளிப் போனாள்.